பீட்மான்ட் அவென்யூவில் ஒரு மரவியாபாரி வீடு

மகோகனிச் சட்டத்தின் மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே போனால், இரண்டு சட்டங்கள் சேருமிடத்தில் சின்னதாக ஒரு மேடு தட்டுப்படும். கால் அங்குலமோ அரை அங்குலமோ சதுரமுள்ள ஒரு கருங்காலி முளை. சட்டத்தோடு சமமாக இழைத்துவிட்டிருக்க மாட்டார்கள். ஒரு மில்லிமீட்டர் வெளியே துருத்திக்கொண்டு, விளிம்பெல்லாம் மழுங்கி, குட்டித் தலையணைபோல உப்பியிருக்கும். கண்ணுக்கு முந்தி விரலுக்குத்தான் அது தெரியும்.

இந்த மாதிரி மரவேலை நிறைந்த வீடுகள் அமெரிக்காவில் பெரும்பாலும் கயிறு கட்டித் தள்ளி நின்று பார்க்க வேண்டிய அருங்காட்சியகங்கள், இல்லையென்றால் கோடீசுவரர்களின் சொத்து. ஒரு விதிவிலக்கு உண்டு. கலிபோர்னியா மாநிலத்தின் பெர்க்லியில், பீட்மான்ட் அவென்யூ 2307ஆம் எண்ணில் இருக்கும் தார்சன் வீடு. எண்பது ஆண்டுகளாக அதில் குடியிருப்பவர்கள் கல்லூரி மாணவர்கள். சிக்மா ஃபை என்ற ஃப்ராட்டர்னிட்டியின், அதாவது கல்லூரி ஆண்கள் சங்கத்தின், வீடு அது.

ஃப்ராட்டர்னிட்டி என்றதும் திரைப்படங்களில் பார்த்த பீர்க் கோப்பையும் கூத்தும்தான் நினைவுக்கு வரும். கூத்து உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் இந்தச் சங்கங்களுக்கு ஏன் வீடு வேண்டியிருந்தது என்பது வேறு கதை. சிக்மா ஃபை 1827 மார்ச் 4 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி ஊரில் உள்ள யூனியன் கல்லூரியில் தொடங்கியது. அதே கல்லூரியில் 1825-ல் கப்பா ஆல்ஃபாவும், 1827-லேயே டெல்டா ஃபையும் பிறந்தன. இன்றைய ஃப்ராட்டர்னிட்டி முறைக்கே இந்த மூன்றும்தான் நாற்றங்கால். அப்போது யாருக்கும் வீடு கிடையாது. கடைக்கு மேல்மாடியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள், விவாதிப்பார்கள், ரகசியச் சடங்கு நடத்துவார்கள். 1840-களின் நடுவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்து கை சை சங்க மாணவர்கள் ஆன் ஆர்பருக்கு வெளியே காட்டுக்குள் மரத்தடிகளை அடுக்கி ஒரு குடிசை போட்டார்கள். ஃப்ராட்டர்னிட்டிக்கென்றே எழும்பிய முதல் கட்டடம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். கூடிப் பேசத்தான் அது, குடியிருக்க அல்ல. யேல் பல்கலைக்கழகத்தில் 1856-ல் கட்டிய ரகசியச் சங்கக் கட்டடத்துக்கு ‘கல்லறை’ என்றே பெயர்.

கூடும் அறை குடியிருப்பாக மாறியதற்குக் காரணம் பல்கலைக்கழகங்களின் பாராமுகம். பெர்க்லியையே எடுத்துக்கொள்ளலாம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 1868-ல் உருவாகி 1873-ல் பெர்க்லிக்கு வந்தது. வகுப்பறை கட்டினார்கள், நூலகம் கட்டினார்கள், மாணவன் எங்கே தூங்குவான் என்று கேட்கவில்லை. வளாகத்தின் முதல் விடுதியான போல்ஸ் ஹால் திறந்தது 1929-ல்தான். அரை நூற்றாண்டுக்கு மேல் நீண்ட அந்த இடைவெளியை வாடகை வீடுகளும் ஃப்ராட்டர்னிட்டிகளும் நிரப்பின. ஸீட்டா சை சங்கம் 1876-லேயே இங்கே சொந்த வீடு கட்டிவிட்டது. அந்தச் சங்கத்துக்கு 1910-ல் கட்டிய வீடு இன்று பல்கலைக்கழகத்தின் கையில். தொல்லியல் ஆய்வுக் கூடமாக இயங்குகிறது.

இப்படி உருவான வீடுகளுக்கு ஒரு பொதுவான அமைப்பு உண்டு. கீழே பெரிய கூடம், நீளமான சாப்பாட்டு அறை, வீட்டுச் சமையலறையை விடப் பெரிய சமையலறை, வெளியார் நுழையாத கூட்ட அறை. மேலே இருவர் மூவர் சேர்ந்து படிக்கும் அறைகள். பல வீடுகளில் படிப்பறையில் கட்டிலே இருக்காது. எல்லாருமாகச் சேர்ந்து மேல்மாடியில் ‘ஸ்லீப்பிங் போர்ச்’ எனப்படும் திறந்த தாழ்வாரத்தில் அடுக்குக் கட்டில் போட்டுத் தூங்குவார்கள். காசநோய்க்கு மருந்தில்லாத காலத்தில் குளிர்ந்த காற்றே மருந்து என்று நம்பியதன் மிச்சம் அது. காற்றுக்குக் காற்று, ஓர் அறையில் ஒருவனுக்குப் பதிலாக மூவரைச் சேர்க்கவும் வழி.

தார்சன் வீடு இப்படிப் பிறந்ததல்ல. வில்லியம் தார்சன் மிச்சிகனில் மரவியாபாரம் செய்து வளர்ந்தவர். கலிபோர்னியாவுக்கு வந்து, டுவாலமி மலைப்பகுதியில் மரம் வெட்டிய வெஸ்ட் சைடு லம்பர் கம்பெனியை நடத்தினார். மனைவி கேரலைனின் அக்கா தங்கை உறவுதான் இந்த வீட்டுக்குக் காரணம்: சகோதரி நெல்லியும் அவர் கணவர் ராபர்ட் பிளாக்கரும் 1907-ல் தென் கலிபோர்னியாவின் பாசடீனாவில் கிரீன் சகோதரர்களை வைத்து மாளிகை ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். பிளாக்கரும் மிச்சிகன் மரவியாபாரிதான். மரத்தை அறிந்த இரண்டு குடும்பங்கள் ஒரே கட்டடக் கலைஞர்களைத் தேடிப் போனதில் வியப்பில்லை. தார்சன் வீட்டு வேலை 1909-ல் நடந்தது.

சார்லஸ் கிரீன், ஹென்ரி கிரீன் என்ற அந்த அண்ணன் தம்பி இருவரும் செயின்ட் லூயிசில் ஒரு கைத்தொழில் பயிற்சிப் பள்ளியில் படித்தவர்கள். வரைபடம் போடுவதற்கு முன்னால் உளியும் இழைப்புளியும் பிடித்த கைகள். பிறகு மாசசூசெட்ஸ் மாநிலத்து எம்.ஐ.டி.யில் கட்டடக்கலை. 1893-ல் பெற்றோரைப் பார்க்கப் பாசடீனா போகும் வழியில் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஜப்பானியர் கட்டியிருந்த மரமண்டபத்தைப் பார்த்தார்கள் என்பதை அவர்களைப் பற்றி எழுதும் எல்லாரும் சொல்லிவிடுவார்கள். அதற்குச் சரிநிகராகச் சொல்ல வேண்டிய இன்னொரு ஜோடியை விட்டுவிடுவார்கள்: பீட்டர் ஹால், ஜான் ஹால் என்ற ஸ்வீடன் நாட்டுச் சகோதரர்கள். ஒருவர் கட்டுமானம், ஒருவர் மேசை நாற்காலி. இந்தத் தச்சர்கள் இல்லாவிட்டால் கிரீன்களின் வரைபடங்கள் வரைபடங்களாகவே இருந்திருக்கும்.

1907 முதல் 1909 வரை இவர்கள் எழுப்பிய பெரிய வீடுகளுக்கு ‘அல்டிமேட் பங்களா’ என்று பெயர் வந்துவிட்டது. வங்காளத்துக் குடிசையிலிருந்து கிளம்பிய சொல், கலிபோர்னியா போய்ச் சேர்ந்ததும் மூன்று தள மாளிகையையும் குறிக்கத் தொடங்கிவிட்டது.

இப்போது அந்தக் கருங்காலி முளைக்குத் திரும்பலாம். பார்ப்பவர்கள் அதைப் பழைய காலத்து மர ஆணி என்றுதான் நினைப்பார்கள். பெரும்பாலான இடங்களில் அது வெறும் மூடி. உள்ளே இரும்புத் திருகாணி இருக்கிறது. அதன் தலை அமிழ்ந்த குழியைச் சதுரமாக உளியால் வெட்டி, மேலே கருங்காலித் துண்டை அடித்திருக்கிறார்கள். பொய் என்று சொல்லிவிட வேண்டாம். அந்தத் திருகாணி இருக்கும் விதத்தில்தான் மொத்த சூட்சுமமும் இருக்கிறது.

மரம் நீளவாட்டில் அசையாது, அகலவாட்டில் அசையும். ஒரு மீட்டர் அகல மகோகனிப் பலகையின் ஈரப்பதம் பருவத்துக்குப் பருவம் நான்கு சதவீதம் ஏறி இறங்கினால், அதன் அகலம் ஏழு முதல் பத்து மில்லிமீட்டர் வரை மாறும். அப்படிப்பட்ட மேசைப் பலகையின் முனையில், வளையாமலிருக்க, குறுக்கே ஒரு சட்டம் சேர்ப்பது வழக்கம். குறுக்குச் சட்டம் அசையாது, பலகை அசையும். இரண்டையும் பசை போட்டு ஒட்டினால் ஐந்தாறு வருடத்தில் பலகை நடுவில் பிளந்துவிடும். நம்மூரில் கடைக்காரர் ‘தேக்குதான் சார், கியாரண்டி’ என்று சொல்லித் தரும் மேசைகள் வெடிப்பதற்கும் பாதிக் காரணம் இதுதான்; மரத்தின் மேல் பழி போடுவோம்.

கிரீன்கள் செய்தது இது. பலகையில் நாக்கு எடுத்து, குறுக்குச் சட்டத்தில் காடி வெட்டிச் செருகினார்கள். நடுவில் ஒரு திருகாணியை மட்டும் இறுக்கினார்கள். ஓரத்துத் திருகாணிகளுக்கு வட்டத் துளைக்குப் பதிலாக நீளத் துளை. பலகை விரியும்போதும் சுருங்கும்போதும் திருகாணி அந்தப் பள்ளத்துக்குள் நகர்ந்துகொள்ளும். நீளத் துளையை மறைக்க நீளமான கருங்காலி மூடி. குறுக்குச் சட்டத்தைப் பலகையை விட ஓரிரு மில்லிமீட்டர் நீட்டி விட்டுவிட்டார்கள். அதனால் பலகை எந்தப் பருவத்தில் எவ்வளவு அகலமாக இருந்தாலும் விளிம்பு ஒழுங்கில்லாததுபோலத் தெரியாது. முளை துருத்திக்கொண்டிருப்பதற்கும் இதே காரணம்தான். சமமாக இழைத்த மூடி, மரம் சுருங்கியதும் குழியிலோ மேட்டிலோ போய்க் கோளாறாகத் தெரியும். முதலிலேயே மேடாக விட்டால் அது அலங்காரம்.

நகலெடுப்பவர்கள் தவறுவதும் இங்கேதான். எல்லா முளையையும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில், இயந்திரம் வெட்டியது மாதிரி வரிசையாகப் பதித்துவிடுவார்கள். அசலில் ஒரே மூட்டில் மூன்று அளவு இருக்கும். விளிம்பை உப்பலாக்க முளையை அடித்த பிறகு தேய்க்கக் கூடாது. பக்கத்து மரம் கீறிவிடும். முன்பே தேய்த்து மெருகேற்றி, அடிப்பக்கத்தைச் சற்றே ஒடுக்கி, அப்புறம்தான் அடிக்க வேண்டும்.

மகோகனியின் அந்த அடர்ந்த தேன்பழுப்பும் சாயம் அல்ல. பொட்டாசியம் டைகுரோமேட் கரைசல் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு வினைபுரிந்து மரத்தையே கருக்கச் செய்கிறது. மேலே காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய். இதே முறையில் இன்று செய்ய ஆசைப்படுபவர்கள் கையுறையும் முகமூடியும் இல்லாமல் அந்த உப்பைத் தொடக் கூடாது. அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது. பழுதுபார்க்கும்போது அடிக்கடி நடக்கும் கெடுதல், மங்கிப்போன எண்ணெய்ப் பூச்சை அழுக்கு என்று நினைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது. வேதிப்பொருள் இறங்கிய ஆழம் மிகக் குறைவு. நான்கு இழுப்பு தேய்த்தால் கீழே வெளிறிய மரம் பல்லிளித்துவிடும். ஒட்டுப்போட்டது மாதிரி ஆகிவிடும்.

தார்சன் வீட்டுச் சாப்பாட்டு அறைக்கென்று செய்த மகோகனி மேசை நாற்காலிகளில் நித்தியகல்யாணியின் உறவான விங்கா பூங்கொடி பதித்திருக்கும். மரத்தில் வெட்டிய பள்ளத்தில் வேறு மரமும் சிப்பி ஓடும் வைத்து இழைத்த வேலை. அவை இப்போது வீட்டில் இல்லை. தென் கலிபோர்னியாவில் அருங்காட்சியகப் பொருள்களாகிவிட்டன. தார்சன் தம்பதி இருவரும் 1942-ல் இறந்தார்கள். அதையடுத்து வீட்டைச் சிக்மா ஃபை வாங்கியது. அந்தச் சங்கத்தின் பெர்க்லி கிளை 1912-லேயே வந்துவிட்டிருந்தது. 1940-களில் இந்த பாணிக்குச் சந்தையில் மதிப்பில்லை. இருட்டு, கனம், பழசு என்று அலுத்துப்போன காலம். பணமுள்ள வேறு யாராவது வாங்கியிருந்தால் முதல் வேலையாக மகோகனிக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. மாணவர் சங்கத்திடம் அதற்குக் காசில்லை. வீட்டைக் காப்பாற்றியதில் முதல் பங்கு வறுமைக்குத்தான்.

உள்ளே இருபது வயதுப் பையன்கள் என்றால் உள்பக்கம்தான் சேதமாகும் என்று தோன்றும். கீறல், வட்ட வட்டமாகக் கோப்பைத் தடம், உடைந்த கண்ணாடி எல்லாம் உண்டாகக்கூடியவைதான். எண்ணெய்ப் பூச்சில் கீறலைச் சரிசெய்வது சுலபமும்கூட. இந்த வகை வீட்டுக்கு உண்மையான எதிரி மழை.

வெளியே நின்று மேலே பார்த்தால் தெரியும். கூரை ஓரத்தைத் தாண்டிக் கைமரங்களின் முனைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும், முனை உருண்டையாக இழைத்து. நிழல் சுவரில் விழும்போது கொள்ளை அழகு. ஆனால் கைமரத்தின் வெட்டுமுகத்தில் மரத்தின் நாளங்கள் அத்தனையும் உறிஞ்சுகுழல்போலத் திறந்திருக்கின்றன. நம் ஓட்டு வீடுகளில் கைமரம் இறவாணத்துக்குள்ளேயே நின்றுவிடும். ஓடு அதற்கு மேல் நீட்டிக்கொண்டு சொட்டும். கிரீன்கள் அழகுக்காக அந்தப் பாதுகாப்பைக் கைவிட்டார்கள். பாசடீனாவில் மழை கம்மி, வெயிலால் வெடிப்பதுதான் அதிகம். பெர்க்லியில் குளிர்கால மழையோடு, கடலிலிருந்து வரும் மூடுபனியும் சேர்ந்துகொள்கிறது. பாசடீனாவுக்காகக் கண்டுபிடித்த கூரையை விரிகுடா ஓரத்துக்குக் கொண்டுவந்ததுதான் தார்சன் வீட்டின் அடிப்படைச் சிக்கல் என்று சொல்வேன்.

சோதிக்கும் முறை எளிது. கூரான குத்தூசியால் முனையின் மேல்பக்கம் குத்த வேண்டும். கீழ்ப்பக்கம் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும், அதை நம்பி ஏமாறக் கூடாது. ஊசி அரை அங்குலத்துக்கு மேல் வெண்ணெயில் போவதுபோல் இறங்கினால் உள்ளே இற்றுவிட்டது. ஈரமானி இருபது சதவீதத்துக்கு மேல் காட்டினால் பூஞ்சைக்கு விருந்து தயார். இற்ற பகுதியை நல்ல மரம் தெரியும்வரை வெட்டியெடுத்து, அதே சாதி மரத்தில் புதுத் துண்டு செய்து, நீண்ட சரிவான வெட்டில் எப்பாக்சி கொண்டு இணைக்க வேண்டும். சரிவின் நீளம் தடிமனைப்போல் எட்டு மடங்காவது இருக்க வேண்டும். குட்டையாக வெட்டி ஒட்டினால் வெயிலில் விட்டுக்கொள்ளும். அருகில் துளையிட்டுப் போரேட் உப்புக் குச்சி செருகிவைத்தால், ஈரம் ஏறும்போதெல்லாம் அது கரைந்து பூஞ்சையைக் கொல்லும். கடைசியாக மேல்முகத்துக்கு மட்டும் செம்புத் தகட்டுத் தொப்பி. தகட்டைப் பக்கவாட்டில் மடித்து இறக்கினால் தெருவிலிருந்து தெரியும், கிரீன் வேலை போய்விடும். மடிக்காமல் விட்டால் தண்ணீர் உள்ளே ஒழுகும். சில மில்லிமீட்டர் மட்டும் மடித்துவிடுவதுதான் கைத்திறன். இதையே கிரீன்கள் கட்டிய இன்னொரு வீடான பாசடீனாவின் காம்பிள் வீட்டில் 2003–04-ல் பெரிய அளவில் செய்தார்கள்.

சுவருக்கு ரெட்வுட் சிம்புகள், ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடிக்கும் மெல்லிய பலகைத் துண்டுகள். செம்மரம் என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது. நம் செம்மரம் வேறு, இது கலிபோர்னியாக் கடற்கரையின் ஊசியிலை மரம். பூச்சி அரிக்காது, எளிதில் மக்காது, ஆனால் மூச்சுவிட வேண்டும். பெயின்ட் அடித்து அடைத்தால் உள்ளே சிக்கிய ஈரம் ஆணியைத் துருப்பிடிக்கவைத்துச் சிம்பைக் கழற்றிவிடும்.

தெருப்பக்கத் தாங்குசுவரும் படியும் கட்டியிருக்கும் செங்கல், சூளையில் தீக்கு மிக அருகில் இருந்ததால் அளவுக்கு மீறி வெந்து, கறுத்து, முறுகி, கோணிப்போனது. வேறு கொத்தனார்கள் பள்ளம் நிரப்ப எறிந்துவிடுவதை கிரீன்கள் தேடி வாங்கினார்கள். கல் கண்ணாடிபோல் இறுகியிருப்பதால் தண்ணீரைக் குடிக்காது. ஈரம் முழுவதும் சாந்து வழியாகத்தான் வெளியேற வேண்டும். சாந்து உதிர்ந்த இடத்தில் இன்றைய சிமென்ட் கலவையைப் பூசிவிட்டால் அந்த வழியும் அடைபடும். சுவருக்குப் பின்னால் மண் ஈரம் ஏறி, சுவர் வயிறு தள்ளும். சுண்ணாம்பு கூடுதலாகச் சேர்த்த மென்சாந்துதான் மருந்து. கூடவே அடியில் நீர்வடி துளைகள்.

மண் அழுத்துவது போதாதென்று நிலமே நகர்கிற ஊர் இது. தெருவுக்கு மேலே, நடந்துபோகும் தூரத்தில் பல்கலைக்கழக விளையாட்டரங்கம். அதன் இரண்டு கோல்களுக்கும் ஊடாக ஹேவர்ட் நிலப்பிளவு ஓடுகிறது. 1868 அக்டோபர் 21 அன்று பெரிதாகக் குலுங்கிய பிளவு. குலுங்காத நாளிலும் ஆண்டுக்கு நாலைந்து மில்லிமீட்டர் ஊர்ந்துகொண்டே இருக்கிறது. 1909-ல் கட்டிய மரவீடுகள் பொதுவாக அடித்தளத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருப்பவை. அடிச்சட்டத்தைக் கான்கிரீட்டோடு ஆறடிக்கு மிகாத இடைவெளியில் அரை அங்குலம் அல்லது ஐந்தெட்டாம் அங்குல போல்ட்டால் பிணைத்து, தளத்துக்குக் கீழுள்ள குட்டைச் சுவர்களுக்கு அரை அங்குலப் பிளைவுட் அடித்தால் பெரும்பாதி ஆபத்து தீரும். வெளியே ஒன்றுமே தெரியாத வேலை. அதனாலேயே நன்கொடை திரட்டுவதும் கஷ்டம். வண்ணக் கண்ணாடிக்குக் கொடுக்கிறவர் போல்ட்டுக்குக் கொடுப்பதில்லை. தெரிகிற தொல்லை புகைபோக்கி. கம்பியில்லாத செங்கல் தூண். நிலநடுக்கத்தில் வீடு விழுவதற்கு முன்பே அது விழும், கூரை வழியாக.

தீ இன்னொன்று. நடுக்கூடத்திலிருந்து மூன்று தளமும் தெரிகிற திறந்த படிக்கட்டு, மரச்சுவர், மேலே தூங்குகிற பையன்கள்: பழைய ஃப்ராட்டர்னிட்டி வீடென்றால் அதுவே ஒரு புகைபோக்கி. 1990 செப்டம்பரில் பெர்க்லியிலேயே இப்படிப்பட்ட ஒரு வீட்டில் தீப்பிடித்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். 1996 மே மாதம் வட கரோலினாவின் சாப்பல் ஹில்லில் ஐந்து பேர். அதன் பிறகு அந்த நகரம் எல்லா ஃப்ராட்டர்னிட்டி வீடுகளிலும், மாணவியர் சங்கங்களான சொராரிட்டிகளின் வீடுகளிலும் தண்ணீர்த் தெளிப்பான் வைத்தாக வேண்டும் என்று சட்டம் போட்டது. பாரம்பரியக் கட்டடத்தில் தெளிப்பான் குழாயை எங்கே ஒளிப்பது என்று கட்டடக்கலைஞர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். ஒளிக்க இடமில்லையென்றால் தெரியும்படியே போடலாம். மகோகனியை விடப் பையன்கள் முக்கியம்.

இந்தத் தெருவைப் பற்றி நல்லதாக மட்டும் எழுதிவிட்டுப் போவது நேர்மையாகாது. பீட்மான்ட் அவென்யூவின் பாதையை 1865-ல் வகுத்தவர் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த ஃப்ரெடெரிக் லா ஓம்ஸ்டெட். பிறகு அது ஃப்ராட்டர்னிட்டி, சொராரிட்டி வீடுகளின் தெருவாயிற்று. வெள்ளையரல்லாதவரும் வெளிநாட்டாரும் அந்த வாசல்களில் நுழைய முடியாது. அதனாலேயே ஹாரி எட்மண்ட்ஸ் எல்லா நாட்டு மாணவர்களும் ஒன்றாகத் தங்கும் இன்டர்நேஷனல் ஹவுஸை வேறெங்கும் கட்டாமல் இதே தெருவில் கட்டப் பிடிவாதமாக நின்றார். கோடீசுவரர் ராக்ஃபெல்லர் பணம் கொடுத்தார், அக்கம்பக்கத்துச் சொத்துக்காரர்கள் எதிர்த்தார்கள், 1930-ல் கட்டடம் திறந்தது. இந்தியாவிலிருந்து பெர்க்லிக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு இன்றும் பரிச்சயமான முகவரி அதுதான். தார்சன் வீடு அங்கிருந்து எட்டு வீட்டு எண் தள்ளி.

உறவு வீடுகளின் கதையையும் சொல்ல வேண்டும். பிளாக்கர் வீட்டை 1985-ல் வாங்கியவர் விளக்குகளையும் வண்ணக் கண்ணாடிகளையும் கழற்றி விற்கத் தொடங்கினார். பதறிப்போன பாசடீனா நகராட்சி, கிரீன் வீடுகளின் பாகங்களைக் கழற்றுவதைக் கட்டுப்படுத்தும் விதியைக் கொண்டுவந்தது. காம்பிள் வீட்டைக் குடும்பத்தார் 1966-ல் நகராட்சிக்கும் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்குமாகக் கொடுத்துவிட்டார்கள். அங்கே பர்மாத் தேக்கு. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் செட்டிநாட்டு வளவுகளுக்குக் கப்பலேறிய அதே நாட்டுத் தேக்கு. அதற்குப் பிறகு பல காலம் ஆண்டுதோறும் இரண்டு கட்டடக்கலை மாணவர்களை மட்டும் அதில் தங்கவைத்தார்கள்.

தார்சன் வீட்டில் எல்லாரும் தங்குகிறார்கள். 1978-ல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறிய பிறகும் அது மாறவில்லை. ஃப்ராட்டர்னிட்டி வீடுகளைப் பொதுவாகப் பழைய மாணவர்கள் அமைத்த ஒரு கழகம் சொந்தமாக வைத்திருக்கும். படிக்கிறவர்கள் அதற்கு வாடகை கட்டுவார்கள். வாடகையில் மளிகையும் மின்கட்டணமும் கழியும், செம்புத் தகடு வாங்க மிஞ்சாது. மரவேலைக்கு நன்கொடைதான். அந்தப் பணம் வரும்வரை, மழைக்காலத்துக்கு முன் கூரை வடிகாலில் இலை அடைத்திருக்கிறதா என்று ஏறிப் பார்க்க ஓர் ஆளும், ஏணியைப் பிடிக்க இன்னோர் ஆளும் வேண்டும். விங்கா பூப் பதித்த மேசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதில் யாரும் சாப்பிட முடியாது. அது இருந்த அறையில் வேறு மேசை போட்டு, பையன்கள் சாப்பிடுகிறார்கள்.